கீழே வருவது எழுத்துதானே

மாமதுரை உலகத் திரை ஆய்வுக் கழகத்தில் நான் ஆயுள் உறுப்பினன். ஆயுளை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க விதியில் இடமில்லை. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பதிவாளராகப் போட்டார்கள். கூட்டத்தில் பேசுவதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. பேசியதை அப்படியே எழுதினால் சண்டை வரும் என்பதால், பேசியிருக்க வேண்டியதை எழுதுவேன். பதினொரு வருஷமாக இதையே செய்கிறேன். அதனால் எழுத்தில் இருக்கும் பொய்யைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு வாய்த்த ஒரே திறமை அதுதான்.

கழகம் வில்லாபுரத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. தலைவர் பெயர் நல்லகாமன். முன்னால் 'திரைச்செம்மல்' என்று ஒரு பட்டம் உண்டு. அதைக் கழகம் கொடுத்தது. கொடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவரே மறந்துவிட்டார், கண்காணிப்பை மட்டும் மறக்கவில்லை. மேடைத் தமிழைத் தவிர வேறு தமிழ் பேசமாட்டார். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். செயலாளர் விஜய்ஆனந்த், ஜவுளி வியாபாரி. தலைவர் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வது அவருடைய பொறுப்பு.

அந்த வருஷம் கழகத்துக்குக் கொரியா வந்து சேர்ந்தது. ஊரில் பிள்ளைகள் எல்லாம் கொரியப் படம் பார்க்கிறார்கள் என்ற செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் எட்டியது.

"யாரைக் கேட்டுப் பார்க்கிறார்கள்?" என்றார் தலைவர்.

பரிந்துரை இல்லாமல் ஒரு ஊரே படம் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து என்று முடிவாயிற்று. 'பார்த்தே தீர வேண்டிய பத்து கொரியப் படங்கள்' என்று, வகைக்கு ஒன்றாகப் பட்டியல் போடுவது, அதை விழா எடுத்து அறிவிப்பது, அன்றைக்கே பத்தில் ஒன்றைத் திரையிடுவது என்று தீர்மானம் எழுதினேன்.

படங்களுக்கு முன்னால் வகைகளைப் பங்கு வைக்க வேண்டியிருந்தது. தலைவரின் ஊர்க் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று ஒரு வரிசை உண்டு. அது பிசகினால் திருவிழாவே நின்றுபோகும். அதே முறையில் சினிமாவைப் பிரித்தார். வரலாறு தலைவருக்கு. குற்றம் செயலாளருக்கு. அவர் போரையும் சேர்த்துக் கேட்டார், ஒரு ஆளுக்கு இரண்டு மரியாதை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காதல் தனக்குத்தான் வேண்டும் என்று எழுபத்து நாலு வயதுப் பொருளாளர் மேஜையைத் தட்டினார், கொடுத்துவிட்டோம். பேய்ப் படம் கிடைத்தவர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய், ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொண்டார். இதற்கே மூன்று கூட்டம் ஆயிற்று. கடைசியில் நகைச்சுவை மட்டும் அனாதையாகக் கிடந்தது. அது தரக்குறைவான வகை, மரியாதையில் சேராது என்றார் தலைவர். யாரும் தொடவில்லை.

அதுவரை யாரும் ஒரு கொரியப் படமும் பார்த்திருக்கவில்லை. இதை நான்தான் வாயைக் கொடுத்துக் கேட்டேன்.

"பார்க்கக் கூடாது, பதிவாளரே," என்றார் தலைவர். "பார்த்துவிட்டுப் பரிந்துரைப்பது ரசிகனின் வேலை. ஆய்வாளன் பார்க்காமலே பரிந்துரைப்பவன். பார்த்தால் பிடித்துப்போகும். பிடித்துப்போனால் நடுநிலை போய்விடும். நான் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்தவன். ஒரு ஃபைலைக்கூடப் பிரித்ததில்லை. ஒரு தப்பும் நடந்ததில்லை."

"ஒரு தப்பும் நடந்ததில்லை!" என்றார் செயலாளர். கை தட்டினோம்.

விழா அறிவிப்பை ஊரெல்லாம் பிளக்ஸ் அடித்துக் கட்டினோம். தலைவர் முகம் பெரிதாகவும் கொரியா சிறிதாகவும் இருந்தது. பழங்காநத்தத்தில் கட்டியதைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் மாடியேறி வந்தான். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பெயர் சுருளி. பழங்காநத்தத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான், வீடு விளாங்குடியில். என் வீட்டு மோட்டாரை இரண்டு தடவை அவன்தான் பிழைக்க வைத்தான், அதனால் எனக்கு முகம் தெரியும்.

"எம் பொண்டாட்டி அஸ்வினிக்குக் காது கேக்காது சார்," என்று ஆரம்பித்தான். "பத்தொம்போது வயசுல மூளைக் காய்ச்சல் வந்து போயிருச்சு. நல்லாப் பேசுவா, கேக்கத்தான் செய்யாது. தமிழ்ப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா சும்மா பொம்ம பாத்துட்டு வருவா. கொரியாப் படத்துல கீழ எழுத்து வரும். ஆனா இங்கிலீசு, அவளுக்கு ஓடாது. நான் டிப்ளமா, டிக்‌ஷனரிய வச்சு ஒப்பேத்திருவேன். அதான் நானே தமிழ்ல எழுதி ஏத்திக் குடுத்துருவேன்."

"எத்தனை படங்கள்?" என்றார் தலைவர்.

"எட்டு வருசத்துல எரநூறு இருக்கும் சார்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நடுநிலை முழுசாகப் போய்விட்ட கேஸ். குறித்துக்கொள்ளுங்கள்."

சுருளிக்கு அது புரியவில்லை. அவன் வந்த காரியத்தைச் சொன்னான். "ஒரே ஒரு படம் சார். சிரிப்புப் படம். ஹால்ல, தமிழ் எழுத்தோட போடுங்க. தியேட்டர்ல எல்லாரும் சிரிக்கிறப்ப இவ எம் மூஞ்சியத்தான் பாப்பா. நான் போன்ல அடிச்சுக் காட்டுறதுக்குள்ள அடுத்த சிரிப்பு வந்துரும். சனத்தோட சனமா, அதே நேரத்துல, அவளும் ஒருக்கா சிரிக்கணும். அம்புட்டுத்தான் சார்."

அவன் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை.

தலைவர் அவனிடமிருந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். உள்ளே பக்கம் பக்கமாக அந்தச் சிரிப்புப் படத்தின் வசனம். முன் அட்டையில் வேறு சில படங்களை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி கதை எழுதி வைத்திருந்தான். பூட்டுத் திறக்கப் போகிற வீட்டிலெல்லாம் தன் கல்யாணப் போட்டோவையே பார்க்கிற ஒரு பூட்டுக்காரன், அது பேய்ப் படம். அம்மா போட்டு வைத்த ஊறுகாய் ஜாடிகளுக்காக வீடு காலி செய்கிற அன்றைக்கு அடித்துக்கொள்கிற மூன்று அக்கா தங்கைகள், அது குடும்பம். டோல்கேட்டில் மாற்றி மாற்றி ஷிஃப்ட் பார்த்து, முகமே பார்க்காமல், மறந்து வைத்துவிட்டுப் போகிற குடையை வைத்துக் காதலிக்கிற இரண்டு பேர். அரசனின் கடிதத்தைப் படியெடுக்கும்போது ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஒரு போரை நிறுத்துகிற எழுத்தன், அது வரலாறு.

கழகத்தின் ஆய்வு பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவரவர் வகைக்கு நேரே இருந்த படத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கொரியப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் படம் எண் ஒன்று, படம் எண் இரண்டு என்று பெயர் வைத்தோம். பட்டியலில் 'பரிந்துரை: திரைச்செம்மல் நல்லகாமன் தலைமையிலான வல்லுநர் குழு' என்று நானே என் குண்டு எழுத்தில் எழுதினேன்.

திரையிடுவது எந்தப் படம் என்பதில் பெரிய சிக்கல் இருந்தது. வரலாற்றைப் போட்டால் குற்றம் கோபிக்கும், குற்றத்தைப் போட்டால் காதல் சாப்பிடாமல் எழுந்து போகும். நகைச்சுவைக்கு மட்டும்தான் சொந்தக்காரர் இல்லை. ஆகவே சுருளி கேட்டதே கிடைத்தது. அவன் நாலைந்து தடவை கும்பிட்டான். தன்னைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

படம் எண் பத்து ஒரு பஸ்ஸைப் பற்றியது. மலைப்பாதையில் முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய டிரைவருக்கு அன்றோடு வேலை முடிகிறது. கடைசி டிரிப். பஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதால், பயணிகள் யாரும் தங்கள் ஸ்டாப்பில் இறங்க மாட்டேன் என்கிறார்கள். இருபதாவது நிமிஷத்தில் ஒரு கல்யாணப் பெண் தன் கல்யாண மண்டபம் வந்தும் இறங்காமல், மாப்பிள்ளையைப் பஸ்ஸில் ஏறச் சொல்லிச் சத்தம் போடுகிறாள். "அந்த எடத்துல ஹாலே அதிரும்ணே," என்று சுருளி என்னிடம் தனியாகச் சொன்னான். "அதுலதான் அவளச் சிரிக்க வைக்கப்போறேன்."

ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவர் பயனடைகிறார் என்று அறிக்கையில் போட வேண்டுமானால் அவருக்குக் காது கேட்காது என்பதைக் கழகம் நேரடியாக உறுதி செய்ய வேண்டும் என்றார் தலைவர். அரசாங்கச் சான்றிதழைச் சுருளி நீட்டினான். அது அரசாங்கத்துக்குத்தான் செல்லும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸ்வினியை அழைத்து வந்து எங்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தான். தலைவர் அவளிடம் "உங்களுக்குக் காது கேட்கிறதா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். "கேட்காமலா சிரிக்கிறார்?" என்று பொருளாளர் சந்தேகப்பட்டார். செயலாளர் அவளுக்குப் பின்னால் போய்ப் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் போட்டார். நாங்கள் ஒன்பது பேரும் துள்ளி விழுந்தோம். அவள் எங்களைப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டாள். கீழே டைல்ஸ் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் சத்தமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீக சார். அவ சத்தம் அவளுக்குத் தெரியாது. மெல்லப் பேசுறதா நெனச்சுக் கத்திருவா," என்றான் சுருளி. தாம்பாளம் விழுந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

'சோதனை திருப்திகரம்' என்று எழுதினேன்.

அதன்பிறகு பாதுகாப்புப் பிரச்சினை வந்தது. தமிழ் எழுத்து தனி ஃபைலாக இருந்தால் யாராவது திருடிக்கொண்டு போய் அனுமதி இல்லாமல் படம் பார்த்துவிடுவார்கள் என்று செயலாளர் பயந்தார். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட வேண்டும், மேல் மூலையில் தலைவர் முகம் கடைசிவரை தெரிய வேண்டும் என்று உத்தரவானது. சுருளி கடையை மூன்று நாள் அடைத்துவிட்டு அதையும் செய்துகொண்டு வந்தான். ஒவ்வொரு வசனத்தையும் நானும் அவனும் நோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். கழகக் கோப்புக்காக அந்த நோட்டு முழுவதையும் நான் படியெடுத்தேன். அதனால் அந்தப் படத்தில் யார் எப்போது என்ன பேசுவார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

விழாவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் ஏசி மினி ஹால் ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றுவரை கிடைத்தது. ஒரு மணிக்கு மேல் அதே ஹாலில் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு.

நான் போனபோது பிளக்ஸ் கடைக்காரர் ஆண்டிச்சாமி ஏணியில் நின்றுகொண்டிருந்தார். இருபத்து நாலு அடி நீளம், நாலடி உயர பேனர். பத்துக் கட்டம், ஒன்பது பேரின் முகம், கீழே அவரவர் வகை. 'வரலாறு: திரைச்செம்மல் நல்லகாமன்', 'குற்றம்: விஜய்ஆனந்த்' என்றெல்லாம் வந்து, கடைசியில் 'நகைச்சுவை: செயலகம்' என்று முடிந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில் முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ இருந்தது. சுருளியின் பெயர் எங்கும் இல்லை. தலைவர் முகம் மட்டும் நடுவில், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அதுவும் முப்பது வருஷத்துக்கு முந்தைய போட்டோ.

பேனரைத் திரைக்கு மேலே கட்டினால் போட்டோவில் வராது. திரைக்குக் கீழே கட்டினால் மேடை நாற்காலிகள் மறைக்கும். "எப்படிண்ணே கட்ட?" என்று ஆண்டிச்சாமி கேட்டதற்குத் தலைவர் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். திரையின் அடிப்பகுதிக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். பேனர் திரையில் கால்வாசியை மூடிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

"ஐயா, படம் மறைக்குமே," என்றேன். பதினொரு வருஷத்தில் நான் எடுத்துச் சொன்ன முதல் எதிர்ப்பு இது.

"மேலேதானே முகம் வருகிறது? கீழே வருவது எழுத்துதானே," என்றார் தலைவர்.

நான் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன்.

சுருளி அஸ்வினியோடு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தான். அவள் பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் அவர்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். சுருளி திரையைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான். படம் தொடங்குமுன் அவிழ்த்துவிடுவார்கள் என்று என்னிடம் திரும்பிச் சொன்னான். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

பேச்சுகள் தொடங்கின. "கொரியா என்பது ஒரு நாடு," என்றார் தலைவர். "சரியாகச் சொன்னால் இரண்டு நாடு. ஆனால் மதுரை ஒன்றுதான்!" பலத்த கைதட்டல். "அரசனின் கடிதத்தில் ஒரு வரியை விட்டுவிட்ட ஒரு துரோகியின் கதையை நான் பரிந்துரைக்கிறேன். கடிதப் போக்குவரத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதே அதன் செய்தி." செயலாளர் எழுந்து, இங்கேயும் கொலை நடக்கிறது, ஆனால் அதில் ஒரு அழகு இல்லை, கொரியர்களிடம் நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பொருளாளர் காதலைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசி, நடுவில் குடையை நினைத்து அழுதார். அவர் பார்க்காத குடை அது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கும் போர்த்தினார்கள்.

இரண்டேகால் மணி நேரம் அஸ்வினி எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது சுருளி போனில் ஏதோ அடித்துக் காட்டினான். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று இருந்தது. அதற்கு மேலே அவன் ஏற்கெனவே அனுப்பிய ஏழு 'இன்னும் கொஞ்சம்தான்' இருந்தன.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விளக்கை அணைத்தார்கள். மலைப்பாதையில் பஸ் வந்தது. பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. டிரைவர் வாயை அசைத்தார், பஸ்ஸில் ஒரு கிழவி வாயை அசைத்தாள், தமிழ் எழுத்தெல்லாம் தலைவர் நெற்றிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சுருளி குனிந்தபடி மேடைக்கு ஓடினான். "ஐயா, அந்தப் பேனர மட்டும் கொஞ்சம் எறக்கிக்கிருவோம்யா. எழுத்து தெரியல. படத்தோட பதிச்சுட்டோம், மேல ஏத்தவும் முடியாது."

"என் படம் போட்ட பேனரை இறக்குவதா?" என்றார் தலைவர். "எங்கள் பக்கம் ஒருவர் செத்துப் பதினாறாம் நாள்தான் பேனரை இறக்குவார்கள்."

"அவளுக்கு எழுத்து மட்டுந்தான்யா படம்."

"ஓ, அந்தச் சகோதரியா?" தலைவரின் குரல் கனிந்தது. இது போன்ற சமயங்களில்தான் அவர் உண்மையாகவே கருணை காட்டுவார். "கவலை வேண்டாம். காது கேட்காத நம் சகோதரிக்காக வசனம் முழுவதையும் நானே மைக்கில் வாசிக்கிறேன். பதிவாளரே, அந்த நோட்டைக் கொடுங்கள்."

நான் எழுந்து போய்க் கொடுத்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். திரையில் பஸ் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் பஸ் கிளம்பாத பக்கத்தில் இருந்தார். கிழவியின் வசனத்தைக் கிழவியாகவும் டிரைவரின் வசனத்தைத் தலைவராகவும் பேசினார். கொரியர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. காது கேட்கிற எங்களுக்கும் எதுவும் விளங்கவில்லை. அந்த வகையில் அந்த ஹாலில் அன்றைக்கு எல்லாரும் சமமாகத்தான் இருந்தோம்.

சுருளி திரும்பி வந்து உட்கார்ந்தான். அஸ்வினி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும் பழக்கம் அவளுக்கு. எட்டு வருஷப் பழக்கம். அங்கே தலைவர் முகம் இருந்தது. அதைப் பதினைந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் சாய்ந்து, ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, கீழ நிக்கிறாரே ஒருத்தரு, யாருங்க இவரு? படம் பூரா இங்கயே நிக்கிறாரு. எறங்கவும் மாட்டேங்கிறாரு, சாகவும் மாட்டேங்கிறாரு."

மைக்கைவிடச் சத்தமாக இருந்தது.

ஹால் வெடித்தது. சாப்பாட்டுக்கு வந்தவர்கள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ஏணியடியில் நின்ற ஆண்டிச்சாமி வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். பொருளாளர் சிரித்துவிட்டு இருமுவதாக நடித்தார். நானும்தான் சிரித்தேன். நெஞ்சு வலிக்கச் சிரித்தேன். எங்களில் சிலர் தலைவரைப் பார்த்துச் சிரித்தோம், மிச்சப்பேர் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவள் பேச்சையே திருப்பிச் சொல்லி, அவள் குரல் போலவே இழுத்துக் காட்டி ஒருவன் சிரித்தான்.

அஸ்வினி திரும்பிப் பார்த்தாள். எல்லார் தோளும் குலுங்குவதையும் எல்லார் பல்லும் தெரிவதையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. சிரிக்கிற கட்டம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். கணவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பூ உதிர உதிர, சனத்தோடு சனமாக, சரியாக அதே நேரத்தில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. அவள் சிரிப்பைப் பார்த்து ஹால் இன்னும் சிரித்தது. ஹால் சிரிப்பதைப் பார்த்து அவளும் இன்னும் சிரித்தாள்.

"எவடி அவ! நிறுத்துங்கடா படத்த!" என்று மைக்கில் தலைவரின் ஊர் எட்டிப் பார்த்தது. பஸ் பாதி வழியில் நின்றது. கல்யாணப் பெண் வருவதற்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. விளக்கைப் போட்டார்கள். வளைகாப்புக்காரர்கள் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள்.

அஸ்வினி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க சொன்னாக? எல்லாரும் இந்தச் சிரிப்புச் சிரிக்கிறாக, பஸ்ல என்னங்க நடந்துச்சு? எழுத்து எனக்குச் சரியாத் தெரியல."

சுருளி திரையைப் பார்த்தான், போனை எடுத்தான். பிறகு அடித்தான். பின்னால் இருந்து படித்தேன். 'டிரைவர் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டார். நானும் இறங்க மாட்டேன்னு ஆடு தலையை ஆட்டுச்சு.'

அந்தப் படத்தில் ஆடே கிடையாது. நோட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம். இருநூறு படங்களில் சுருளி எழுதிய முதல் பொய் அது. எட்டு வருஷமாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியவன், எங்கள் கழகத்துக்கு ஒரு சில தடவை வந்துபோனதில் கற்றுக்கொண்டுவிட்டான். அவள் படித்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். சுருளி இனி எந்த நாளும் கழக நிகழ்ச்சிகளுக்கு வரக்கூடாது என்று தீர்மானம் எழுதினேன். விழா அறிக்கையும் எழுதினேன். 'மாற்றுத்திறனாளிச் சகோதரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்து மகிழ்ந்தார். பயனடைந்தோர்: ஒருவர்.' பதினொரு வருஷத்தில் நடந்ததை நடந்தபடி நான் எழுதிய வரி அது ஒன்றுதான். தலைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து கழகத்தின் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு பழங்காநத்தத்துக்குப் போனேன். அடுத்ததாகத் தலைவரின் வரலாற்றுப் படத்தைத் திரையிடப் போகிறோம். அதற்கும் மீதி எட்டுப் படங்களுக்கும் தமிழ் எழுத்தைச் சுருளி பதித்துத் தர வேண்டும், நிகழ்ச்சிக்கு மட்டும் வரக்கூடாது என்று கடிதம் சொன்னது. எழுதியவன் நான் என்பதால் மொழி மரியாதையாகவே இருந்தது.

சுருளி ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"வீட்ல அந்தப் படத்த மறுபடி போட்டேண்ணே," என்றான். "கல்யாணப் பொண்ணு சீனு வந்துச்சு. அவ சிரிக்கவே இல்ல. ஆடு எங்கங்கிறா. படம் முடியுற வர ஆட்டத்தான் தேடுனா. அது ஹால்ல மட்டும் போட்ட சீனுன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுலேருந்து வீட்ல எந்தப் படம் போட்டாலும் அவளுக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது. ஹால்ல பாத்தாத்தாங்க நல்லாருக்கு, அடுத்து எப்பப் போடுவாகன்னு ஞாயித்துக்கெழமையானா கேக்குறா."

கடிதத்தை இன்னொரு முறை படித்தான். "இதுல என்னையத்தானே வரக்கூடாதுன்னு போட்டிருக்கு? அவளப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். கழகம் அவள் பெயரைக்கூட மறந்திருந்தது.

"நான் ரோட்லயே நின்னுக்கிருறேன். அவளுக்கு ஒரு எடம் மட்டும் போட்டுக் குடுத்துருங்க. எல்லாத்தையும் எழுதித் தாரேன்." அவன் என் முகத்தைப் பார்த்தான். "இந்தத் தடவ எழுத்து தெரியுமில்லண்ணே?"

"தெரியும்," என்றேன்.

முந்தின நாள் கூட்டத்தில்தான், தலைவர் முகம் சிறிதாக இருந்ததால்தான் அந்தப் பெண்மணிக்கு அவரை யார் என்று அடையாளம் தெரியவில்லை என்று முடிவு செய்திருந்தோம். அடுத்த பேனர் இரண்டடி கூடுதல் உயரம். தீர்மானத்தை எழுதியவன் நான்தான்.